பாப்பாவுக்கு, நாகலூரிலிருந்து

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஓவியர்களின் புத்தகம் வாங்கப் போகிறேன், எதிலிருந்து தொடங்கலாம் சித்தி என்று கேட்டிருக்கிறாய். அக்கா பட்டுப்புடவை எடுக்கச் சொல்லியிருப்பாள். நீ புத்தகமே வாங்கு.

நீ எழுதியிருக்கும் ஜப்பான், பிரான்ஸ் ஓவியர்கள் எனக்கும் பிடித்தவர்கள்தான். ஆனால் அவர்களைத் தேடி வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நம்மவர்களை நாம்தான் வாங்கி வைக்கவேண்டும். நம் ஊரில் படம் வாரப் பத்திரிகையில் பிறந்தது, பத்திரிகையோடு பழைய பேப்பர் கடைக்குப் போனது. 1950இல் கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் மணியம். கதை பிறகு எத்தனையோ பதிப்பு கண்டது, பல பதிப்புகளில் படம் இல்லை. அந்தக் கோடுகளைக் காப்பாற்றியவர்கள், வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீட்டுப் பெண்கள். உன் பாட்டியும் அப்படி ஒரு தொகுப்பு வைத்திருந்தார். பைண்டு போட்டவர் ஓரத்தை வெட்டியதில் சில படங்களில் குதிரைக்குக் காது போய்விட்டது. இருந்தாலும் அதைப் பார்த்துத்தான் எனக்குப் படம் பார்க்கும் பழக்கமே வந்தது. தமிழ்நாட்டில் ஓவியர்களை முதன்முதலில் சேகரித்தவர்கள் அந்தப் பாட்டிகள்தான் என்பேன்.

சில்பி நம் மலைக்குக் கீழே நாமக்கல்லில் பிறந்தவர். கோயில் கோயிலாகப் போய், மூர்த்தியின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்து, ஆனந்த விகடனில் வெளியிட்டார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று பின்னால் இரண்டு தொகுதிகளாகப் புத்தகமும் வந்தது. கல்லின் தேய்மானத்தைக்கூட மையில் கொண்டுவந்திருப்பார். எங்கே கண்ணில் பட்டாலும் யோசிக்காமல் எடு.

மனோகர் தேவதாஸையும் விட்டுவிடாதே. கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோகும் நோய் அவருக்கு. அப்படியும் பிறந்த மதுரையைத் தெருத் தெருவாகப் பேனாவில் வரைந்தார். 2007இல் வந்த ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’யில் ஓட்டுக்கூரையைப் பார், ஒவ்வோர் ஓடும் தனித்தனியாக நிற்கும். 2020இல் பத்மஸ்ரீ, 2022இல் மறைவு. நேரில் பார்க்காமல் போனது எனக்கு இன்னும் வருத்தம். டிராட்ஸ்கி மருதுவின் ‘வாளோர் ஆடும் அமலை’யும் வாங்கு. நாடகத்திலும் சினிமாவிலும் பார்த்துப் பழகிய ராஜா உடுப்பைக் கழற்றிவிட்டு, பழைய தமிழ் மன்னர்களையும் வீரர்களையும் புதிதாக யோசித்து வரைந்திருக்கிறார்.

ஆனால் முதல் புத்தகம் எது என்றால், நீ திருவான்மியூருக்குப் போ. தாரா புக்ஸ் அங்கேதான் இருக்கிறது. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய பதிப்பகம். அவர்களுடைய சில புத்தகங்கள் கையாலேயே செய்யப்படுபவை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. பிறகு நூலால் தைத்து, ஒவ்வொரு பிரதியிலும் அதன் எண்ணை எழுதுகிறார்கள். ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006இல் அப்படி வந்தது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்று மூன்று கோண்டுப் பழங்குடி ஓவியர்கள். கறுப்புத் தாளில் மரங்கள். பகலெல்லாம் நிழலும் இடமும் கொடுத்து உழைக்கும் மரம், இரவில்தான் தன் சொந்த உருவத்துக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தத் தாளைத் தடவினால் மை விரலில் தட்டுப்படும். செல்போனில் பார்ப்பவர்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக்கை மிளகுக்கொடி ஏற்றும் கம்பமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு, கிளை எங்கே பிரிகிறது என்று நின்று பார்க்கிறேன்.

பஜ்ஜு ஷ்யாமின் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’கும் அங்கே கிடைக்கிறதா என்று கேள். மத்தியப் பிரதேசத்துப் பட்டன்கட் கிராமத்துக்காரர், லண்டனில் ஓர் உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்டப் போனார். பார்த்ததையெல்லாம் 2004இல் புத்தகமாக்கினார். பிக் பென் கடிகாரம் அவருக்குச் சேவல், பஸ் நாய், பாதாள ரயில் மண்புழு. லண்டன்காரர்கள் வரைந்த லண்டனைவிட எனக்கு இந்த லண்டன் நெருக்கம்.

வாங்கினால் போதாது, வைத்துக் காக்கவும் வேண்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கறுப்புத் தாளில்தான் பூசணம் முதலில் தெரியும். உனக்கு அங்கே கடற்காற்று, அதுவும் லேசுப்பட்டதல்ல. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டிப் போடாதே. பெரிய புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கு. பூச்சிக்கு வசம்பு வை. ஈரம் பட்டால் மின்விசிறிக் காற்றில் உலர்த்து, வெயிலில் காட்டினால் நிறம் வெளுத்துவிடும். எல்லாவற்றையும்விட, அடிக்கடி எடுத்துப் புரட்டு. மூடியே கிடக்கும் புத்தகத்தில்தான் பூச்சி குடியேறும்.

பணம் போதவில்லை என்றால் கூச்சப்படாமல் எழுது. காப்பிப் பழம் எடுத்துக்கொண்டிருக்கிறோம், கையில் காசு வரும் நேரம். பொங்கலுக்கு வரும்போது வாங்கியதைக் கொண்டு வா. சேலத்திலிருந்து பஸ் ஏறுமுன் நல்ல பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொள், ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
சித்தி