பாலூவின் பணிப்பதிவேடு

அரசு அலுவலகத்தில் எழுத்தராய் இருப்போர்க்கு மனிதரை அறியும் முறை ஒன்று தானே அமைந்துவிடுகின்றது. ஒருவருடைய முகத்தை நாம் கண்டதில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆயினும் அவருடைய பணிப்பதிவேட்டைச் சிறிது நேரம் புரட்டினால் அவர் வாழ்க்கை நம்முன் விரிந்துவிடும். பிறந்த நாள், சேர்ந்த நாள், முதல் ஊதியம், மாற்றல், பதவி உயர்வு, ஓய்வு என வரிசையாய் வரும் அப்பத்திகளில் எழுதப்பட்டவை ஒரு கதையைக் கூறும். வெறுமையாய் விடப்பட்ட பத்தி பிறிதொரு கதையைக் கூறும். இருபது ஆண்டுகளாக இத்தகைய ஏடுகளோடு பழகிவரும் நாம், ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையையும் அவ்வாறே படித்துப் பார்க்க நேர்ந்தது. அவர் பெயர் பல்வங்கர் பாலூ.

அவரை நாம் அறிந்த விதம் இது. நாள்தோறும் விட்டல்வாடி நிலையத்தில் வண்டியேறிக் கோட்டைப் பகுதி அலுவலகம் சேரும் நமக்கு, நண்பகல் உணவுக்குப் பின் ஆசாத் மைதானத்தில் சிறிது உலவி வருதல் பல்லாண்டுப் பழக்கம். மைதானத்தின் ஒரு கோடியில் பம்பாய் ஜிம்கானா நிற்கின்றது. அங்கிருந்து மேற்கே கடற்கரைச் சாலைக்குச் சென்றால் இஸ்லாம் ஜிம்கானா, பார்சி ஜிம்கானா, இந்து ஜிம்கானா என ஆட்டக் கழகங்கள் வரிசையாய்க் காட்சி தரும். ஒரு விடுமுறை நாளில் அவ்வழியே சென்றபோது, "பந்தாடுவதற்குக்கூடவா அப்பா மதம் வேண்டும்?" என்று நம் மகள் வினவினாள். விடை தேடி நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். இராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூலில் பாலூ நமக்கு எதிர்ப்பட்டார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நகரின் பெரும் கிரிக்கெட் போட்டிகள் சமயவாரியாகவே நடந்தன. முதலில் ஐரோப்பியரும் பார்சியரும் மோதினர். 1907இல் இந்துக்கள் சேர்ந்தனர். 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்தனர். அந்த இந்து அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் பாலூ. ஆனால் அவரை இந்துவென்று மைதானத்தில் ஏற்றுக்கொண்டோர், மைதானத்திற்கு வெளியே தீண்டத்தகாதவர் என்று விலக்கினர். இனி அவருடைய ஏட்டைப் புரட்டுவோம்.

பிறந்த ஆண்டு 1876. பிறந்த ஊர் தார்வாட். கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்னும் சிற்றூரே அவர் குடும்பப் பெயருக்கு மூலம். தோல் தொழில் செய்யும் சமூகம். தந்தையார் பூனாவில் படைப்பிரிவொன்றிற் பணியாற்றினார். முதல் நியமனம்: பூனாவில் பார்சியர் நடத்திய கிரிக்கெட் கழகம். வேலை: ஆடுகளத்தைப் பெருக்குதல், உருளை இழுத்துச் சமன்செய்தல். ஊதியம் மாதம் 3 ரூபாய். அடுத்த நியமனம்: ஐரோப்பியர்க்குரிய பூனா கழகம். ஊதியம் 4 ரூபாய். அங்கே வலை கட்டவும் கோடு போடவும் வேண்டும்; கழகத்தார் மட்டை பிடித்துப் பழகும்போது பந்தும் வீச வேண்டும்.

அவர்களுள் கிரேக் என்னும் இராணுவ அதிகாரி வல்லமை மிக்க ஆட்டக்காரர். தம்மைப் பாலூ ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா அளித்தார் என்றொரு செய்தி வழங்குகின்றது. எழுத்தருக்குரிய கணக்குப் புத்தி நம்மை விடுமோ? எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம்! இடக்கையால் மெல்லச் சுழற்றி வீசும் அக்கலையைப் பாலூ இவ்வாறு நாட்கணக்கில் வீசி வீசியே கற்றார். ஆனால் அந்த வலையில் ஒருநாளேனும் மட்டையைப் பிடிக்க அவருக்கு இடம் தரப்படவில்லை. பந்தெறிதல் உழைப்பு, மட்டை பிடித்தல் உரிமை என்று அன்று எண்ணினர் போலும்.

பூனாவின் இந்து அணி ஐரோப்பியரை எதிர்க்க முனைந்தபோது, பாலூவைச் சேர்ப்பதா வேண்டாவா என்று வாதம் எழுந்தது. வெற்றி வேண்டுமாயின் அவர் வேண்டும், ஆகவே சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தையே அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றையோர் உள்ளே பீங்கான் கோப்பையிற் பருகினர். பாலூவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் வந்தது. உணவும் தனியே. ஐந்து நிமிடத்திற்கு முன் அவர் கையிலிருந்து வந்த பந்தைப் பிடித்தவருக்கு அக்கையருகில் அமர்ந்து உண்ண இயலவில்லை.

இவ்விடத்தில் நாம் ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தோம். நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் கிடங்கில் உழைத்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய கைகளை மாலையிற் புளியிட்டுத் தேய்த்துக் கழுவுவார், கழுவிய பின் முகர்ந்து பார்ப்பார், மீண்டும் கழுவுவார். சிறுவயதில் அவரோடு மின்ரயிலிற் செல்லும்போது இருக்கை காலியாய் இருந்தாலும் அவர் அமரமாட்டார். "உக்காருங்களேன் அப்பா, இடந்தான் இருக்கே" என்போம். "நிக்கேம்ல, காத்து நல்லா வருது" என்று வாயிற்கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்தக் காற்றின் பொருள் நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. பாலூவின் மண் குவளையைப் பற்றிப் படித்தபோது அவர் நின்ற அந்த வாயிற்படியே நினைவிற்கு வந்தது.

1896ஆம் ஆண்டையொட்டிக் கொள்ளைநோய் பரவிய காலத்தில் பாலூ பம்பாய் வந்தார். இந்து ஜிம்கானாவிலும் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அணித்தலைவர் அதனைப் பொருட்படுத்தாமல் அவரைச் சேர்த்துக்கொண்டார். பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் அவருக்கு வேலையும் கிடைத்தது. 1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றனர். ஆளுவோரை ஆளப்படுவோர் வென்ற அவ்வெற்றியில் பாலூவின் பந்துவீச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவரும் தம்பி சிவராமும் இடம்பெற்றனர். அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலூ மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். முதல்தர ஆட்டங்களில் அவர் கணக்கு 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள்; விக்கெட் ஒன்றுக்கு அவர் விட்டுக்கொடுத்தது பதினைந்து ஓட்டங்களுக்குச் சற்றே மேல்.

இத்துணைப் பணிமூப்பும் தகுதியும் உடையவர்க்கு அணித்தலைமை எப்பொழுது வந்தது? அப்பத்தி வெறுமையாகவே கிடக்கின்றது. தலைவராயிருந்த எம்.டி. பாய் என்பவரே 1913இல் ஒரு வரவேற்பு விழாவில், இச்சிறப்பு தம்மினும் மூத்தவரான பாலூவுக்கே உரியது என்று வெளிப்படையாய்க் கூறினார். கூறியும் பயனில்லை. 1920இல் பாய் உடல்நலமின்றி ஆட இயலாதபோது தலைமை தேவதருக்குச் சென்றது. பாலூவுக்கோ அணியிலேயே இடமில்லை. தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினர். சாதியின் பெயரால் தங்கள் தகுதி புறக்கணிக்கப்படுவதைப் பொதுமக்கள் முன் வைத்தனர். நகரில் அவர்களுக்கு ஆதரவு பெருகியது. பார்சியரோடு ஆடிய இறுதியாட்டத்திற்குத் தம்பியர் திரும்பினர், பாலூ துணைத்தலைவராக்கப்பட்டார். அவ்வாட்டத்தின் நடுவே பாய் களத்தைவிட்டு வெளியே சென்றார். அச்சிறிது நேரம் பாலூ அணியை நடத்தினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. 1923இல் தம்பி விட்டல் அணித்தலைவரானார். அவ்வாண்டு அவர் தலைமையில் இந்துக்கள் வெற்றியும் பெற்றனர். மூத்தவரின் ஏட்டில் எழுதப்படாதது இளையவரின் ஏட்டில் எழுதப்பட்டது.

ஆட்டத்தை விட்ட பின்னரும் பாலூவின் ஏடு முடியவில்லை. 1932இல் எரவாடாச் சிறையில் உருவான பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். நம் தமிழகத்தின் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதே தாளில் ஒப்பமிட்டவர்கள். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை டாக்டர் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. இளமையில் பாலூவைப் பெரிதும் மதித்தவர் அம்பேத்கர். 13,245 வாக்குகள் பெற்று அம்பேத்கர் வென்றார். பாலூ பெற்றவை 11,225. ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கு எவ்வழி சிறந்தது என்பதில் இருவரும் வேறுபட்டனர். மண் குவளையின் சுவையை இருவருமே அறிந்திருந்தனர். 1955 ஜூலை 4ஆம் நாள் பாலூ இந்நகரிலேயே மறைந்தார்.

இத்தகைய வெற்றுப் பத்தி இந்நாட்டு ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், கடையில் விற்கும் கார்களின் தோற்றத்தில் அமைந்த வண்டிகளை ஓட்டும் பந்தயம் ஒன்று பெரும் புகழ்பெற்றது. வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில் 1921இல் பிறந்த கருப்பினத்தவர் வென்டல் ஸ்காட், வாடகைக் கார் ஓட்டியும் பழுதுபார்த்தும் வாழ்ந்தவர். கூட்டம் சேர்க்க ஒரு கருப்பர் வேண்டுமென்று பந்தயம் நடத்துவோர் தேடியதால் 1952இல் களம் புகுந்தார். தம் புதல்வர்களையே உதவியாளராய்க் கொண்டு, பழைய வண்டிகளைத் தாமே செப்பனிட்டு ஓட்டினார். 1963 டிசம்பர் 1ஆம் நாள் ஜாக்சன்வில்லில் மற்றையோரினும் இரு சுற்று முந்தி முடித்தார். ஆனால் வென்றவர் என்று அறிவிக்கப்பட்டவர் ஒரு வெள்ளையர். கோப்பையும் அவர் கைக்கே சென்றது. கூட்டம் கலைந்து சில மணி நேரத்திற்குப் பின், சுற்றுகளை எண்ணியதில் பிழை நேர்ந்ததென்று கூறிப் பரிசுப் பணத்தை ஸ்காட்டிடம் தந்தனர். 1973இல் நேர்ந்த பெரும் விபத்து அவர் பந்தய வாழ்வை முடித்தது. 495 உயர்நிலைப் பந்தயங்களில் ஓடிய அவர் 1990இல் மறைந்தார். 2015இல் அப்பந்தயத்தின் பெருமக்கள் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஜாக்சன்வில் வெற்றிக்குரிய கோப்பையை 2021 ஆகஸ்டு 28ஆம் நாள்தான் அவர் குடும்பத்தார் முறைப்படி பெற்றனர். கணக்குப் பிழை எந்த அலுவலகத்திலும் நேரும். திருத்திய ஆணை உரியவர் இல்லம் சேர ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆனதை நாம் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

ஸ்காட்டுக்கு இழைத்த குறையைக் கோப்பை கொடுத்தேனும் ஓரளவு ஈடுசெய்ய முடிந்தது. பாலூவுக்கு அதுவும் இயலாது. தலைமை என்பது களத்தில் பதினொருவர் நிற்க, அவர்களுள் ஒருவர் கைகாட்டி ஏனையோரை நிறுத்தும் செயல். மறைந்தவரை அவ்விடத்தில் நிறுத்த எவராலும் முடியாது. ஆதலால் இருக்கும்போதே எழுதவேண்டிய பத்தி அது.

வெளிமாநிலத்திற் குடியேறி வாழும் தமிழராகிய நாம் புறக்கணிப்பை அறியாதவர் அல்லோம். ஊர், மொழி, பெயர் எதுவும் கேளாமல் மதராசி என்று ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றது. நாம் வாழும் உல்லாஸ்நகரே பிரிவினையின்போது வீடிழந்து வந்த சிந்தி மக்கள் முகாம்களிற் கட்டியெழுப்பிய ஊர். ஆயினும் ஊரிலிருந்து புறப்பட்ட நாளில் பெட்டியோடும் படுக்கையோடும் வேறொன்றையும் சிலர் கட்டியெடுத்து வந்தனர். அண்மையில் நம்மவர் விழா ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆண்டுதோறும் அவ்விழாவுக்குப் பந்தற்கால் நட்டு, நாற்காலி சுமந்து, நானூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கவைக்கும் பெரியவர் ஒருவர் அன்றும் அடுப்படியில் நின்றார். மேடையில் பொன்னாடைகள் பல கைமாறின. நன்றியுரையில் அவர் பெயர் வரவில்லை. சமையற் குழுவினர்க்கு நன்றி என்று முடிந்தது. அவரோ அதனை எதிர்பார்த்தவராகவும் தோன்றவில்லை. "வாங்க தம்பி, சாப்பிட்டுப் போங்க" என்று நமக்கு இலை போட்டார்.

அன்றிரவு நம் நினைவில் நின்றவர் எம்.டி. பாய். அவர் சட்டத்தை மாற்றவில்லை; கழகத்தைக் கலைக்கவில்லை. விழா மேடையில் உண்மையைச் சொன்னார். பின்னொரு நாள் களத்திலிருந்து எழுந்து வெளியே சென்றார். பாலூவின் ஏட்டில் தலைமை என்ற பத்தியில் ஒரு வரியேனும் எழுதத்தக்கது இருக்குமாயின் அது அந்தச் சில மணித்துளிகளே. இருக்கையில் அமர்ந்திருப்பவர் எழுந்தாலன்றி இன்னொருவர்க்கு அவ்விருக்கை காலியாவதில்லை.

சங்கங்களிற் பொறுப்பேற்றிருக்கும் அன்பர்கட்கு நாம் விடுக்கும் விண்ணப்பமும் இதுவே. அடுத்த விழாவில் அடுப்படியில் நிற்பவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். நடு நாற்காலியில் அமர்த்துங்கள். குத்துவிளக்கின் முதல் திரியை அவர் ஏற்றட்டும். அந்நேரம் தலைவரும் செயலாளரும் கரண்டி பிடித்துப் பரிமாறுவார்களாயின் சாம்பாரின் சுவை குன்றிவிடாது. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாத் மைதானத்திற்கு அழைத்துச் சென்று, 1906இல் ஐரோப்பியரை வென்ற இடத்தைக் காட்டுங்கள். 3 ரூபாய்ச் சம்பளத்திற்கு ஆடுகளம் பெருக்கிய ஒருவர் அங்கே பந்து வீசினார் என்று சொல்லுங்கள். அவருக்கு ஏன் தலைமை தரவில்லை என்று அவர்கள் கேட்பார்கள். மறைக்காமல் விடை கூறுங்கள்.