கண்ணில் கோளாறு இல்லை

அக்டோபர் கடைசி வந்தால் கனடாவில் பேங்க்காரனுக்குத் தலைக்கு மேல் வேலை. இங்கே எங்கள் கணக்கு வருஷம் அக்டோபர் 31-ல்தான் முடியும். அதெல்லாம் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். வீட்டில் நடந்த ஒரு சின்ன சமாச்சாரத்தை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் டெக்னிக்கல். ஆனால் நான் வெறும் பி.காம்., எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன், பயப்படாதீங்க :-)

பையனுக்குப் பதிமூணு வயசு. ராக்கெட் லீக் பைத்தியம். காரை வைத்துக் கால்பந்து ஆடும் விளையாட்டு. "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சிருக்காங்கப்பா, என்கிட்ட மட்டும்தான் 60" என்று ஆறு மாசம் நச்சரித்தான்.

"சினிமாவே செகண்டுக்கு 24 படம்தாண்டா. அதுல ரஜினி ஸ்டைலா நடக்கலையா?" என்று மடக்கினேன்.

"சினிமாவை நீங்க சும்மா பாக்கறீங்க. இதை நான் ஓட்டறேன்பா" என்றான்.

பாயிண்ட்தான். லோன் கேட்டு வருபவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நான், இதற்குப் பதில் தெரியாமல் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். தங்கமணி முறைத்த முறைப்பைத் தனியாக எழுதணும்.

மூணு மாசம் போச்சு. ஆட்டத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. பையன் மெல்ல மெல்ல அமைதியாகிவிட்டான். நண்பர்கள் ஆடக் கூப்பிட்டாலும் போவதில்லை. ஏண்டா என்றால், "என் கைதான் ஸ்லோப்பா. நல்ல மானிட்டர் வந்தும் பந்து மாட்ட மாட்டேங்குது. அவங்களுக்கு நான் பாரம்" என்கிறான். பதிமூணு வயசில் ஒருத்தன் தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதுவதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து அப்பா வந்தார். கோலார் தங்கவயலில் வைண்டிங் எஞ்சின் டிரைவராக இருந்தவர். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜை, மேலே எஞ்சின் ஹவுஸில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. பேரன் பின்னாடி நாற்காலி போட்டு இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூணாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கை ஸ்லோன்னு யார்டா சொன்னது அவனுக்கு? கேஜ் குலுங்கினா எல்லாரும் முதல்ல டிரைவரைத்தான் திட்டுவான். நாங்க பிரேக்கைப் பாப்போம், ரோப்பைப் பாப்போம், கடைசியாத்தான் கையைப் பாப்போம். நீ மெஷினைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஆனால் அவர் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது.

இங்கே ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் தங்கம் எடுத்த இடம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரே நாளில் எல்லாம் கதம். அப்பா வீட்டில். நான் டிகிரி முடித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தேன். பகலில் வேலைக்கு மனுப் போடுவது, ராத்திரி சென்டரைப் பார்த்துக்கொண்டே ரோட் ராஷ் ஆடுவது. தினமும் தலைவலி, கண் எரிச்சல். கண் போச்சு, இனி பேங்க் வேலைக்கு மெடிக்கலில் தேற மாட்டேன் என்று நானே முடிவு கட்டி, வீட்டில் சொல்லாமல் அழுத நாட்கள் உண்டு.

ஒரு நாள் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்த பையன், "எப்படிண்ணா இதைப் பாக்கறீங்க, இப்படி ஆடுது" என்று சொல்லி, டிஸ்ப்ளே ப்ராப்பர்ட்டீஸில் 60 என்று இருந்ததை 85 ஆக்கினான். அவ்வளவுதான். படம் சிலை மாதிரி நின்றது. ஒரு வாரத்தில் தலைவலியும் போயேபோச்சு.

அந்தக் காலத்துக் குண்டு மானிட்டரில் எலெக்ட்ரான் கதிர் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைந்துகொண்டே வரும். கதிர் பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து உடனே மங்கும். செகண்டுக்கு 60 தடவை இப்படி என்றால் பலர் கண்ணுக்கு அது நடுங்கும், ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகவே தெரியும். 85 தடவை என்றால் கண் ஏமாந்துவிடும். இன்றைய தட்டை மானிட்டர் அப்படி இல்லை. அடுத்த படம் வரும்வரை பழைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதனால் நடுக்கம் இல்லை. ஆனால் ஓடுகிற பொருள் தாவித் தாவி வரும், கண் அதைத் துரத்தும்போது மசமசவென்று தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். பையன் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் போய், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று திறந்தேன். கேட்டீர்களா... 60! மானிட்டர் 144 தரக்கூடியது, ஆனால் விண்டோஸ் 60-லேயே உட்கார்ந்திருக்கிறது. மூணு மாசமாக! பெட்டியில் போட்டிருக்கும் எண் தானாக வந்துவிடும் என்று நாங்கள் இருவரும் நம்பியிருக்கிறோம்.

144 ஆக்கினேன். பையன் மவுஸை வட்டமாகச் சுழற்றினான். 60-ல் அம்புக்குறி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரியும். இப்போது நெருக்கமாக, ஒரே இழுப்பில் போட்ட கோலம் மாதிரி. அவன் ஒண்ணும் பேசவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

பேங்க்காரன் கணக்கு போடாமல் இருக்க முடியுமா? 60 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிசெகண்ட். 144 என்றால் 6.9. கிட்டத்தட்ட பத்து மில்லிசெகண்ட் லாபம். கை அசைவுக்குப் பதில் அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்கு வருகிறது. அதற்கு மேல் 240-க்குப் போனால் 4.2, அதாவது 2.7 மட்டுமே மிச்சம். கொடுக்கிற காசு ஏறுகிறது, வருகிற வட்டி குறைகிறது. ஆகவே அடுத்த பிறந்தநாளுக்கு 240 கிடையாது என்று அப்போதே அறிவித்துவிட்டேன் :-)

இன்னொண்ணு. மானிட்டர் 144 தடவை தயாராக இருந்தாலும், கிராஃபிக்ஸ் கார்டு செகண்டுக்கு 70 படம்தான் வரைந்து கொடுத்தால் புதுப்படம் 70தான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேல்பாதி ஒரு படம், கீழ்பாதி இன்னொரு படம் என்று கிழிந்து தெரியும். கார்டு எப்போது கொடுக்கிறதோ அப்போது மானிட்டர் மாற்றிக்கொள்ளட்டும் என்று வந்தவைதான் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் எல்லாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "எங்கப்பாவுக்கும் இதே கதைதான்டா. எஞ்சின் ஹவுஸ்ல பல்பு மினுக் மினுக்குன்னு நடுங்குதுன்னு சொல்வாரு. கூட இருக்கிறவங்க உனக்குக் கண்ணு சரியில்லைன்னுட்டாங்க. சாகிற வரைக்கும் தன் கண்ணு மட்டம்னே நினைச்சாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், தங்கவயலுக்குக் கரெண்ட் வந்த கதை எனக்குத் தெரியும். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் தெருவிளக்கு. அந்தக் கரெண்ட் 25 சைக்கிள். இன்று இந்தியாவில் 50. பெரிய மோட்டார்களுக்கு 25 சௌகரியம் என்று அந்தக் காலத்தில் அப்படி அமைத்தார்கள். மோட்டார் ஒண்ணும் புகார் சொல்லாது. ஆனால் ஒரு சைக்கிளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் பல்பு, செகண்டுக்கு 50 முறைதான் பிரகாசிக்கும். மெல்லிய இழை கொண்ட சின்ன பல்பு அதற்குள் கொஞ்சம் மங்கிவிடும். நடுங்கத்தான் செய்யும். தாத்தா கண்டது நிஜம்.

இதில் வேடிக்கை, அந்தத் திட்டத்தைப் போட்ட எஞ்சினியர் ஜோலி டி லோட்பினியர் ஒரு கனடாக்காரர், கியூபெக் குடும்பம். நான் குப்பை கொட்டும் இந்த ஒண்டாரியோவின் தென்பகுதியிலும் அதே 25 சைக்கிள்தான் வெகுகாலம் ஓடியது. 1949-லிருந்து 1959 வரை பத்து வருஷம் வீடு வீடாகப் போய் 60-க்கு மாற்றினார்கள்.

இதையும் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எங்கப்பா கண்ணு நல்ல கண்ணுதான்" என்றார். எழுபது தாண்டிய மனுஷன் அதைச் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

பையன் ஒண்ணும் சாம்பியன் ஆகிவிடவில்லை. இன்னமும் பாதிக்குப் பாதி தோற்கிறான். ஆனால் கை ஸ்லோ என்ற பேச்சு நின்றுவிட்டது, நண்பர்களோடு சேர்ந்து ஆடுகிறான். நேற்று ஒரு ஆட்டம் தோற்றதும் பின்னாலிருந்து தாத்தா குரல்: "பிரேக் நல்லாத்தான் இருக்கு, ரோப் நல்லாத்தான் இருக்கு. இப்ப தப்பு உன் கையிலதான்டா!" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டிஸ்கி: இதைப் படித்ததும் உங்கள் வீட்டு மானிட்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 60 என்றே இருந்தால் வீட்டுப் பிள்ளையைத் திட்டியதற்கு ஒரு ஐஸ்கிரீமாவது வாங்கிக் கொடுங்கள்.