டுரியான் துங்காலில் ஒரு கண்ணாடித் தொட்டி

டுரியான் துங்கால் என்றால் 'ஒற்றை டுரியான் மரம்' என்று பொருள். அந்த ஒற்றை மரத்தை நான் கண்டதில்லை. நான் கண்டதெல்லாம் செம்பனையும், மிச்சமிருக்கும் சில பால்மரங்களும், ஊரை அடுத்துள்ள பெரிய நீர்த்தேக்கமும்தான். மலாக்கா மாநிலத்தார் பலர் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. 1991இல் அந்த ஏரி வற்றிப் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நான் சிறுவன். லாரியில் தண்ணீர் வரும். அம்மாவும் நானும் வாளிகளோடு வரிசையில் நிற்போம். ஒரு குவளைத் தண்ணீரையும் வீணாக்காத பழக்கம் அன்று தொற்றியது.

அப்படிப்பட்டவன் இன்று தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து அதில் இறால் வளர்க்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். சமைக்கிற இறால் அல்ல. மிகச் சிறிய செர்ரி இறால். தைவான், சீனா பக்கத்து ஓடைகளைச் சேர்ந்த இனம். காட்டில் பழுப்பு நிறம். மனிதர் பொறுக்கி இனம் சேர்த்ததால் சிவப்பானது.

இதைத் தொடங்கி வைத்தவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். பாட்டியோடு தோட்டத்து லயத்தில் இருப்பவன். பசார் மாலாமில் சேமிப்புக் காசைக் கொடுத்து ஆறு இறால் வாங்கி, ஐந்தடியில் ஒரு தொட்டியில் விட்டிருந்தான். ஒரு நாள் காலை, "ஐயா, என் இறாலுக்கு மூக்கிலே வெள்ளைக் கொம்பு முளைச்சிருக்கு" என்றான். மாலையில் போய்ப் பார்த்தேன். மூக்கு நுனியில் நூல் போன்ற வெள்ளைத் துணுக்குகள் நெளிந்துகொண்டிருந்தன. ஏதோ பூச்சி என்று எண்ணி, என் வீட்டிலிருந்த மீன் மருந்தில் சில சொட்டு விட்டேன். அவனும் ஆசிரியர் சொல்லைத் தட்டவில்லை.

மறுநாள் ஆறும் செத்துக் கிடந்தன.

அதன் பிறகுதான் குப்பியில் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த மருந்தில் இருந்தது செம்பு. மீனின் நோயைப் போக்கும் செம்பு இறாலுக்கு நஞ்சு. பையன் என்னிடம் கோபிக்கவில்லை. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் கணக்குப் போட்டான். அதுவே எனக்குப் போதுமான தண்டனை.

என் காசில் புதிதாக இறால் வாங்கித் தந்தேன். அவற்றிலும் இரண்டுக்கு அதே வெள்ளைக் கொம்பு! இந்த முறை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே கை வைத்தேன். அது 'ஸ்குடாரியெல்லா' என்னும் சிறு தட்டைப்புழு. மூக்கிலும் செவுள் அறையிலும் ஒட்டி வாழும். செவுளுக்குள் முட்டையிடும். மருந்து நம் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது. ஒரு கப் தொட்டித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, இறாலைச் சிறு வலையில் எடுத்து, அரை நிமிடம் அமிழ்த்துங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். புழு உதிர்ந்துவிடும். ஆனால் முட்டை உதிராது. இறால் சட்டை உரிக்கும்போது முட்டைகள் அந்தச் சட்டையோடு போகும். ஆகவே உரித்த சட்டையை உடனே எடுத்து எறிய வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் உப்புக் குளியல். மெல்லிய பஞ்சு போல உடம்பில் படரும் 'வோர்டிசெல்லா' என்ற நுண்ணுயிருக்கும் இதே வைத்தியந்தான். வயிற்றின் அடியில் பச்சைப் பாசி போல் ஒன்று தெரிந்தால் மட்டும் தாமதியாமல் அந்த இறாலைத் தனியே பிரித்துவிடுங்கள். அது பிடிவாதமான ஒட்டுண்ணி.

உப்பைப் பற்றிப் பேசும்போது உடாங் காலா நினைவு வருகிறது. ஆற்றில் பிடிக்கும் அந்தப் பெரிய இறாலின் குஞ்சுகளை வளர்க்க முயன்றபோது அவை செத்துக்கொண்டே இருந்தன. 1961இல் பினாங்கில் ஷாவ்-வென் லிங் என்ற ஐ.நா. உணவு விவசாய நிறுவன நிபுணர்தாம், அவற்றுக்குச் சற்று உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்று கண்டறிந்தார். உலகெங்கும் உடாங் காலா வளர்ப்பு அதிலிருந்து கிளைத்தது. நமக்குப் பக்கத்திலுள்ள பத்து பெரெண்டாமிலும் 1957இலேயே நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டது.

செர்ரி இறாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தாய் இருபது முப்பது முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து, ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் தாயைப் போலவே உருவமுள்ள குஞ்சுகள் நன்னீரிலேயே வெளிவரும். ஜப்பானில் ஹிசயாசு சுசுகி உருவாக்கிய சிவப்பு வெள்ளைக் கிரிஸ்டல் இறால் இதைவிட அழகுதான். ஆனால் அது குளிர்ந்த நீர் கேட்கும். நம் வெயிலுக்குச் செர்ரி போதும்.

புதுத் தொட்டியில் உடனே இறாலை விடாதீர்கள். பாசியும் பஞ்சு வடிகட்டியும் வைத்து ஒரு மாதம் காத்திருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைச் சேருங்கள். தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். மருந்தடித்த மறுநாள் அதில் என்ன கலந்திருக்கும் என்று மருந்துத் தூக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்று போட்டால் இறால் மொய்த்துத் தின்னும்.

தீனியை அள்ளிப் போட்டால் 'பிளனேரியா' என்னும் அம்புத்தலைப் புழு பெருகும், குஞ்சைத் தின்னும். அதற்குக் கடையில் விற்கும் ஒரு பொடி எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? கொட்டைப்பாக்கிலிருந்து! இதைக் கேட்டதும் பையனின் பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். "வேண்டாம் பாட்டி, அளவு தெரியாமல் போடக் கூடாது" என்று தடுத்தேன். அளவு தெரிந்து போட்டாலும் தொட்டியிலுள்ள சில வகை நத்தைகள் பிழைக்கா.

இப்போது அவன் தொட்டியில் எண்ண முடியாத அளவு குஞ்சுகள். காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் பழைய தேயிலை வடிகட்டியால் உரிந்த சட்டைகளைப் பொறுக்குகிறான். நான் கொண்டுபோகும் எந்தக் குப்பியையும் முதலில் வாங்கித் தானே படிக்கிறான். எனக்கு அதில் வருத்தமில்லை. டுரியான் துங்கால் பக்கம் வந்தால் மூடியுள்ள போத்தல் ஒன்று கொண்டுவாருங்கள். கேட்டவருக்கு ஐந்தாறு இறால் தருகிறான். காசு கொடுத்தால் அவன் வாங்க மாட்டான், பாட்டி வாங்கிக்கொள்வார்.