கறுத்துப்போன கேக் தட்டுகள்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா முடிந்து, மூன்று அரசர் திருநாளும் கடந்துவிட்டால், நம் இல்லங்களில் கேக் தட்டுகள் பரண் ஏறிவிடுகின்றன. அடுத்த திருவருகைக் காலத்தில் அவற்றைக் கீழே இறக்கும்போதுதான் இல்லத்தரசியர் திகைக்கின்றனர். வெள்ளிபோல் மின்னிய தட்டு எங்கே? பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய்க் கிடக்கும் இது எங்கிருந்து வந்தது? உடனே சாம்பலும் கம்பி நாருமாகக் குழாயடியில் அமர்ந்துவிடுகின்றனர்.

சற்றே பொறுக்க வேண்டுகிறோம். கறுப்பெல்லாம் ஒரே கறுப்பு அன்று.

அண்டாவில் மணல் பரப்பி, மேலும் கீழும் தணலிட்டுக் கேக் சுடுவோர் சிற்றூர்களில் உண்டு. அத்தகைய தட்டின் வெளிப்புறத்தில் படிவது புகைக்கரி. வெந்நீரும் சோப்பும் தேங்காய் நாரும் அதற்குப் போதும். மின்சார அடுப்பில் வெந்த தட்டின் பழுப்போ வேறு வகையினது. நாம் தடவும் எண்ணெயோ வெண்ணெயோ மெல்லிய படலமாகப் பரவி, சூட்டினாலும் காற்றினாலும் அரக்குப் பூச்சுப்போல் இறுகிவிடுகிறது. சோப்பு அதனை அசைக்காது. அசைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை.

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், அங்கே ரொட்டி சுட்டு வந்த முதியவர் தம் இரும்பு அச்சுகளை ஒருநாளும் கழுவியதில்லை. சூடு ஆறுமுன் துணியால் துடைப்பார். விரல் நுனியளவு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைப்பார். அவை கரிய எருமைத் தோல்போல் இருக்கும். உடன் பயின்றோர் சிலர் முகம் சுளித்ததுண்டு. ஆனால் ரொட்டி ஒருநாளும் அச்சில் ஒட்டிக்கொண்டதில்லை. புது அச்சு வந்தால், அதற்கு எண்ணெய் பூசி வெறுமனே அடுப்பில் வைத்து, அவரே அதனைக் கறுக்கச் செய்வார். பளபளக்கும் உலோகம் வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்பும். கரிய உலோகம் அவற்றை உட்கொள்ளும். ரொட்டியின் அடிப்புறம் நன்றாகச் சிவக்க வேண்டுமானால் கரிய அச்சே சிறந்தது.

கேக்குக்கு இதுவே சிறிது இடையூறாகலாம். கறுத்த தட்டில் ஓரங்கள் விரைந்து சிவந்து, நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அப்போது தட்டைக் குறை கூற வேண்டா. 180 பாகை வைக்குமிடத்தில் 165 பாகை வைத்து, சற்று முன்னதாகவே வெந்ததா எனப் பார்த்தால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், கணவரை இழந்த ஓர் அம்மையார் டிசம்பர் மாதக் கேக் விற்பனையைக் கொண்டே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தி வந்தார். அவருடைய தட்டுகள் ஆறும் அலுமினியம், தாய்வீட்டிலிருந்து வந்தவை. ஒருநாள் துணிப்பையில் ஒரு தட்டைச் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “சாமி, இதிலே சுட்டதைத் தின்றால் நோய் வரும் என்று பேசுகிறார்கள். நாலு வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். காஸ்டிக் சோடா போட்டால் வெளுத்துவிடுமாமே?” என்றார்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தை வெளுக்கச் செய்யாது, அரித்துத் தின்றுவிடும். சலவைச் சோடாவும் அவ்வாறே. நம் பாட்டியர் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் இட்டு விளக்கிய சாம்பலிலும் காரம் உண்டு. அது அலுமினியத்துக்கு ஆகாது. அவ்வம்மையாரின் ஊர்க் கிணற்றுநீர் உப்புநீர். அத்தகைய நீர் பட்டுப் பட்டே உட்புறம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நஞ்சு அன்று. உலோகத்தின் மேற்பரப்பு நீரோடு கூடிக் கொண்ட நிறமே.

காரத்தால் வந்தது புளிப்பால் போகும். எலுமிச்சையளவு புளியைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, கறுப்பு மறையும் உயரம்வரை நீர் சேர்த்து, கால்மணி நேரம் கொதிக்கவிட்டுக் கழுவச் சொன்னோம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமே திராட்சையிலும் உள்ளது. திராட்சை இரசப் பீப்பாய்களின் உட்சுவரில் படியும் உப்பைத்தான் மேனாட்டார் இதே வேலைக்குப் பயன்படுத்துகின்றனர். அவர்களுக்குப் பீப்பாய், நமக்குப் புளிப்பானை! ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: புளிநீரை இரவு முழுவதும் தட்டிலேயே விட்டுவிடலாகாது, புளிப்பும் நெடுநேரம் நின்றால் உலோகத்தை அரிக்கும்.

மூன்றாம் நாள் அவர் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். உட்புறம் வெளுத்திருந்தது, வெளிப்புறப் பழுப்பு அப்படியே இருந்தது. அதனை விட்டுவிடும்படி கூறினோம். சொல்லி நிறுத்திய நான்கு வீட்டாரில் இருவர் மீண்டும் கேக் வாங்கினர். மற்ற இருவர் வாங்கவில்லை. தட்டைப் பற்றி எழும் பேச்சு சில வேளைகளில் தட்டைப் பற்றியது அன்று என்பதை வாசகர் அறிவர்.

நான்ஸ்டிக் தட்டுகளுக்கு இவை எதுவும் பொருந்தா. கம்பி நார் அவற்றுக்குப் பகை. மென்மையான பஞ்சே போதும். பூச்சு உரியத் தொடங்கியதும் அதில் சுடுவதை நிறுத்திவிடலாம். இரும்புத் தட்டில் துரு தோன்றினால் தேய்த்து நீக்கி, அடுப்பில் உலர்த்தி, எண்ணெய் பூசுக. அலுமினியத்தில் குழிகள் விழுந்து, ஒளியைப் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை தெரிகின்றதாயின், அதனைப் பழைய பாத்திரக்காரரிடம் கொடுத்துவிடலாம். மற்றவற்றை ஈரமின்றித் துடைத்து, இடையிடையே செய்தித்தாள் வைத்து அடுக்கிப் பரணில் ஏற்றுக.