ஜூலியின் தாகம்

எனக்கு வயது எழுபத்தொன்று. இரவில் இரண்டு முறை எழுந்திருப்பேன். என் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. புராஸ்டேட் வீக்கம் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல தண்ணி, காபி எல்லாம் குறைச்சுக்குங்க" என்றார். அப்படியே செய்தேன். நான்கு முறை இரண்டு முறை ஆனது. அந்த ஏழு மணிச் சட்டத்தின் மேல் எனக்கு வந்த அளவு கடந்த நம்பிக்கைதான் இந்தக் கதையில் வில்லன்.

எங்கள் வீட்டில் ஜூலி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. ஒன்பது வயது, பதினாறு கிலோ. கோட்டக்குப்பத்தில் நாய் வளர்க்கும் வீடுகள் குறைவு. எங்கள் தெருவில் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள். தொழுகைக்குப் போகிறவர்கள் மேல் நாயின் எச்சில் படக்கூடாது என்பதால் ஜூலியை நாங்கள் கேட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொள்வோம். அவளும் பாங்கு சத்தம் கேட்டால் காதைத் தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். ஒன்பது வருடத்தில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

போன வருடம் பொங்கல் கழிந்ததிலிருந்து அவளுக்கு அரிப்பு. வயிற்றையும் தொடையையும் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக் கொண்டாள். கால்நடை டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். ஊசி போட்டு, ஏழு நாளைக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே அரிப்பு நின்றது. அப்படி ஒரு மாத்திரையை நான் பார்த்ததே இல்லை.

மாதக் கடைசியில் ஜூலியின் இரவு எழுச்சி தொடங்கியது. முதலில் ஒரு மணிக்கு ஒரு தடவை. பிறகு பன்னிரண்டு, இரண்டு, நான்கு. கட்டில் பக்கம் வந்து நின்று மூக்கால் என் கையைத் தட்டுவாள். கதவைத் திறந்தால் ஓடிப்போய் முருங்கை மரத்தடியில் உட்காருவாள். இவ்வளவு சிறுநீர் ஒரு நாய்க்குள் எங்கே இருந்தது என்று தோன்றும் அளவுக்குப் போவாள். உள்ளே வந்ததும் நேராகக் கிண்ணத்துக்குப் போய் மடக் மடக்கென்று குடிப்பாள். ஒரு நாள் நான் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. கூடத்திலேயே போய்விட்டு, மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். குட்டியாக இருந்தபோதுகூட அவள் வீட்டுக்குள் போனதில்லை. என் மனைவி துடைத்தபடியே சொன்னாள், "திட்டாதீங்க. அதுக்கே வெக்கமா இருக்கு."

கவனித்துப் பார்த்தால் குடிப்பதெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான். பகல் முழுக்க வெயிலுக்குத் தரையில் படுத்துக் கிடப்பாள். ஆறு மணிக்குக் கடல் காற்று வந்ததும் எழுந்து குடிக்க ஆரம்பித்தால் எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கூடும். எனக்குக் கணக்கு சுலபமாகப் புரிந்தது. சாயங்காலம் குடிக்கிறாள், ராத்திரி போகிறாள். எனக்கு டாக்டர் சொன்னதுதான் இவளுக்கும். ஏழு மணிக்குக் கிண்ணத்தை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன்.

முதல் இரவு இரண்டு தடவைதான் எழுந்தாள். அடுத்த இரவும் அப்படியே. மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஜூலி ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்க்கத்தான் செய்தேன். பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ரமலான் மாதம். நோன்பு மாதத்தில் எங்கள் ஊர் இரவில் தூங்காது. மூன்றரை மணிக்கெல்லாம் சஹருக்கு வீட்டுக்கு வீடு விளக்கு எரியும், பாத்திரச் சத்தம் கேட்கும். ஜூலியோடு நான் வாசலில் நின்ற அந்த நேரங்களில் எதிர்வீட்டு பாய் ஜன்னலிலிருந்து "என்ன சார், உங்களுக்கும் சஹரா?" என்பார். மாலையில் அவர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வந்துவிடும். முப்பது வருடப் பழக்கம்.

தண்ணீரை நிறுத்திய நான்காம் நாள் மாலை. கஞ்சி கொண்டு வந்த பையன் கேட்டைச் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. நோன்பு திறந்து, தொழுகை முடித்து வந்த பாய் எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சார், ஜூலிக்குத் தண்ணி வைக்கலையா?"

"ஏன் பாய்?"

"எங்க வீட்டு ஓரம், நாங்க கை கால் கழுவுற இடத்துல, ஈரத் தரையை நக்கிக்கிட்டு நிக்குது. நான் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுல தண்ணி ஊத்தி வச்சேன். மொத்தத்தையும் குடிச்சிருச்சு."

நான் ஏழு மணிச் சட்டத்தை விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அன்று விடியலுக்கு முன்பிருந்து அஸ்தமனம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர் அவர். பிறகு ஒரு கதை சொன்னார். நபிகள் சொன்னதாக ஹதீஸில் வருவதாம். வழிப்போக்கன் ஒருவன் தாகத்தில் தவித்து, ஒரு கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வருகிறான். அங்கே ஒரு நாய் தாகம் தாங்காமல் ஈர மண்ணை நக்குகிறது. எனக்கு இருந்த அதே தவிப்புதானே இதற்கும் என்று நினைத்து, மறுபடி கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் நிரப்பி, வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து அதற்குக் கொடுக்கிறான். அதற்காகவே இறைவன் அவனை மன்னித்தான் என்பது கதை. சொல்லிவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

கிண்ணத்தை இறக்கி வைத்தேன். அதோடு, இரண்டு லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறாள் என்று காலண்டரில் எழுதினேன். முதல் நாள் இரண்டே முக்கால் லிட்டர்.

எங்களுக்கு முதலில் வந்த சந்தேகம் சர்க்கரை. என் மனைவி இன்சுலின் போடுகிறவள். தாகமும் இரவு எழுச்சியும் சேர்ந்தால் என்ன என்று இந்த வீட்டுக்குத் தெரியும். நாய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு பழையது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபொன் மேரிங் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். வீட்டுப் பழக்கம் கற்ற அந்த நாய் அதற்குப் பிறகு தரையெல்லாம் சிறுநீர் போக, சோதித்துப் பார்த்தால் அதில் சர்க்கரை. நீரிழிவின் வேர் கணையத்தில் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டதும் நாய்களை வைத்துத்தான். அடுத்த ஜனவரியிலேயே அது ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குப் போடப்பட்டது. என் மனைவி தினம் குத்திக்கொள்ளும் ஊசிக்குப் பின்னால் கூடத்தை நனைத்த ஒரு நாய் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது பிரான்ஸில்.

குருமாம்பேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கொண்டு போனோம். காலையில் முதலில் போகும் சிறுநீர் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாயிடம் அதைப் பிடிப்பது எப்படி? துடைப்பக் கழியில் குழிக்கரண்டியைக் கட்டி, முருங்கை மரத்தடியில் ஐந்தரை மணிக்குப் பதுங்கி நின்றேன். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. அந்தக் கரண்டி அதற்குப் பிறகு சமையலறைக்குள் போகவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயது இருக்கும். காலண்டர் தாளை நீட்டினேன். சந்தோஷப்பட்டார். நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி தண்ணீர் போதும், ஜூலிக்கு ஒரு லிட்டருக்குள் அடங்க வேண்டும், கிலோவுக்கு நூறு மில்லிக்கு மேல் போனால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம் என்றார். கருத்தடை செய்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். செய்யாத பெட்டை நாய் என்றால், பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து உண்டு, அதுவும் இப்படித் தண்ணீர் தாகத்தோடுதான் தொடங்கும், தாமதித்தால் உயிருக்கே மோசம் என்றார். பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. கிரியாட்டினின் சரியாக இருந்தது. சிறுநீர் மட்டும் வெறும் தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தது.

"வேற ஏதாவது மாத்திரை குடுக்கறீங்களா சார்?"

"இல்லைம்மா" என்றேன்.

"என்னங்க, அந்த அரிப்பு மாத்திரை?" என்றாள் என் மனைவி.

ஏழு நாளைக்கு எழுதியதை நான் இரண்டு மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் அரிப்பு வருகிறதே என்று, பழைய சீட்டைக் காட்டி அட்டை அட்டையாக வாங்கினேன். இரவுச் சாப்பாட்டில், ஒரு துண்டு கருவாட்டுக்குள் வைத்து. அது எனக்கு மாத்திரையாகவே தோன்றவில்லை. ஜூலியின் சாப்பாட்டில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

பிரட்னிசோலோன். ஸ்டீராய்டு. டாக்டரம்மா திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்திடம் 'தண்ணீரைப் பிடித்து வை' என்று சொல்லும் ஒரு ஹார்மோன் உண்டு. நாய்களில் இந்த மருந்து அந்தச் சொல்லைக் காதில் விழவிடாமல் செய்துவிடுகிறதாம். தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். போனதை ஈடுகட்டத்தான் அவள் குடித்திருக்கிறாள். என் கணக்கு தலைகீழ். குடிப்பதால் போகவில்லை, போவதால் குடித்தாள். அந்த நிலையில் தண்ணீரை நிறுத்தினால் உடம்பு வற்றிப்போகும். கருவாட்டு உப்பு வேறு சேர்ந்துகொண்டது. "சதை போட்டிருக்கு" என்று நான் பெருமைப்பட்ட தொந்தியும் அந்த மாத்திரை போட்டதுதான்.

எனக்கு வாயெழவில்லை. ஜூலி மேஜை மேல் நின்று என் சட்டையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இன்னிக்கே நிறுத்திடறேன்" என்று எழுந்தேன். டாக்டரம்மா அவசரமாகக் கையைக் காட்டினார். அதுவும் கூடாதாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால், அதை உடம்புக்குள் சுரக்க வேண்டிய அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழலாம். அரை மாத்திரை, கால் மாத்திரை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஐந்து வாரத்தில் இறக்கச் சொன்னார். இரவில் வேண்டாம், காலைச் சாப்பாட்டோடு. கருவாடு கிடையாது. இரவுச் சாப்பாடு ஆறரைக்கு. தண்ணீர் எந்த நேரமும் இருக்க வேண்டும். பத்தரை மணிக்கு ஒரு தடவை வெளியே விட்டுக் கூட்டி வர வேண்டும். அரிப்புக்குக் காரணம் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும். அதற்கு வேறு மாத்திரையும், வாரம் ஒரு குளியலும்.

ஐந்து வாரமும் காலண்டரில் எழுதினேன். இரண்டே முக்கால், இரண்டரை, ஒன்றே முக்கால் என்று இறங்கி, சித்திரை வெயிலிலும் ஒரு லிட்டரைத் தாண்டாமல் நின்றது. இரவு எழுச்சிகள் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்தன. நடுவில் அரிப்பு ஒருமுறை திரும்பியது. மருந்துக்கடை வரை போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

பெருநாள் அன்று பிரியாணியோடு வந்த பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அட்டை வாங்கிய விஷயம் உட்பட. "சரியாயிடுச்சுல்ல சார்?" என்றார். அந்தப் பெயிண்ட் டப்பா இன்னும் அவர் வீட்டு ஓரத்தில் இருக்கிறது. இப்போது தெரு நாய்கள் குடிக்கின்றன.

நான் இன்னும் இரண்டு முறை எழுந்திருக்கிறேன். விளக்கைப் போடும்போது ஜூலி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள். நான் திரும்பி வந்து படுக்கும் வரை அது திறந்தே இருக்கும்.