அம்மாவுக்குப் புடிக்காதது

இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில், எங்கள் நேர்த்திக்கடன் கிடாக்குழம்பை அம்மாதான் வைப்பாள். ஆண்கள், பிள்ளைகள், சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்தபின் சட்டியில் கழுத்தெலும்புதான் மிஞ்சும். "எனக்கு அதான் புடிக்கும்" என்பாள். நானும் நம்பினேன், வசதியான நம்பிக்கை.

போன வருஷம் திரும்பும் வழியில், விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவுக்கு நின்றோம். பொரித்த சூட்டோடு மொறுமொறுவென்று வர வேண்டியது, ஆறி, சவசவத்து, எண்ணெய் ஊறி வந்தது. அண்ணன் சத்தம் போட்டுத் தன்னுடையதை மாற்றிக்கொண்டான். அம்மா மென்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் அப்பாவைப் பார்த்தார். அம்மா வெகுநேரம் யோசித்தாள்.

"ரசஞ்சோறு. புரோட்டாவே எனக்குப் புடிக்காது. கழுத்தெலும்பும்தான்."

அப்போது அவளுக்கு வயது 61.

கடையில் ரசம் இல்லை. வீட்டுக்கு வந்து நான் வைத்தேன். "புளி கூடிப்போச்சு" என்றாள்.