12 கோடி ரூபாய் கூலி

120 பீஸ். பீஸுக்கு 3 ரூபாய். கூலி எவ்வளவு? 360 என்பீர்கள். நல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் கம்ப்யூட்டர் 12,01,20,120 ரூபாய் என்றது. பனியன் கம்பெனி முதலாளி யாராவது பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பையன் ப்ளஸ் டூ முடித்தவன். அம்மா ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். 'கம்பெனிக்குப் போனா இந்த வாரமே காசு. கம்ப்யூட்டர் படிச்சு என்னங்க சார் ஆகப்போவுது?' என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். வாயால் சொன்னால் எடுபடாது. அவருடைய கணக்கு நோட்டையே வாங்கிப் பையனிடம் கொடுத்து, பைதானில் போடச் சொன்னேன்.

பைதான் என்றதும் பாம்பை நினைக்காதீர்கள். டச்சுக்காரர் கைடோ வான் ராஸம் 1989 கிறிஸ்துமஸ் லீவில் பொழுது போகாமல் ஆரம்பித்து, 1991-ல் வெளியிட்ட மொழி. பெயர், பி.பி.சி.யின் 'மான்ட்டி பைதான்' காமெடி நிகழ்ச்சியிலிருந்து வந்தது. இலவசம். இறக்கிக்கொண்டு இன்று ராத்திரியே நீங்களும் ஆரம்பிக்கலாம்.

அந்த 12 கோடிக்கு வருவோம். 'இன்புட்' என்று கேட்டு வாங்குகிற எதையும் பைதான் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். எழுத்தை 3-ஆல் பெருக்கினால்? மூன்று தடவை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். 120120120! 'இன்ட்' என்று போட்டு அதை எண்ணாக மாற்றியதும் 360 வந்தது. ஆரம்பிக்கிற எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒரு தடவை விழுவார்கள். நானும் விழுந்தேன்.

அடுத்தது பைசா. அக்காவின் நிஜ ரேட் 1 ரூபாய் 10 பைசா. 1.1-ஐ 3-ஆல் பெருக்கச் சொன்னால் 3.3000000000000003 என்கிறது! மூன்றில் ஒரு பங்கை நம்மால் தசமத்தில் முழுசாக எழுத முடியாதல்லவா? அதுபோல 1.1-ஐ கம்ப்யூட்டரால் அதன் இரண்டே இலக்கத்தில் முழுசாக எழுத முடியாது. கூலிக் கணக்கில் அந்த வால் எதற்கு? எல்லாவற்றையும் பைசாவாக்கி 110 என்று போட்டோம். சுத்தம்.

அக்காவுக்குப் புரியவேண்டுமே என்று பையன் கூலி, பீஸ், ரேட் என்று தமிழிலேயே பெயர் வைத்தான். 2008-ல் வந்த பைதான் 3 முதல் இது நடக்கும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'அட, நம்ம கணக்குதான்!'

26 வாரம் ஓட்டியதில் இரண்டு வாரம் உதைத்தது. ஒன்றில் தப்பு அக்காவுடையது. ஒரே பண்டிலை நோட்டில் இரண்டு முறை எழுதியிருந்தார். (முகம் சுருங்கிவிட்டது, பாவம்.) இன்னொன்றில் கம்பெனிச் சீட்டில் 60 பீஸ் பண்டில் இரண்டைக் காணோம். 132 ரூபாய்.

நோட்டோடு போய் சூபர்வைசரிடம் காட்டினார். அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. வாசலில் நின்றபடியே அதில் 100 ரூபாயை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

'காலேஜு அப்ளிகேசனுக்கு வெச்சுக்கோ கண்ணு.'